வெகுநாள் கழித்து ஊருக்குப் போகிறவர்களுக்கு: கொங்குப் பக்கத்துக் கேள்வி பதில்கள்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே உள்ள ஒரு சின்ன ஊர் என்னுடையது. 2003-ல் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூரில் குடியேறிவிட்டார்கள். விடுப்பில் வந்தால் அந்த வாடகை வீட்டோடு நாட்கள் முடிந்துவிடும். அப்படியே ஒன்பது வருடம் ஊருக்குள் கால் வைக்காமல் போய்விட்டது. 2012-ல்தான் போனேன். அதன் பிறகு விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். கூட வேலை செய்கிற ஈரோடு, பொள்ளாச்சி, கரூர்ப் பக்கத்து ஆட்கள் டிக்கெட் போட்டதும் என்னிடம் கேட்கிற கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும் இவை.

ஊருக்குள் போனதும் முதலில் யார் வீட்டுக்குப் போக வேண்டும்?

நீங்கள் இல்லாதபோது சாவு விழுந்த வீட்டுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2012-ல் நான் போனபோது பெரியப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. செய்தி வந்த அன்று போனில் அழுதேன், காரியத்துக்குப் பணம் அனுப்பினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் இறங்கிய அன்று மாமன் மகன் புது வீட்டில் விருந்து. நேராக அங்கே போனேன். சாப்பிட்டுப் பேசிச் சிரித்துவிட்டுச் சாயங்காலம்தான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வா கண்ணு" என்றார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மத்தியானமே வந்துட்டேன்னு சொன்னாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

துக்கம் விசாரிப்பதற்குக் காலக் கணக்கு கிடையாது. இறந்து மூன்று வருடமானாலும் ஆறு வருடமானாலும், நீங்கள் நேரில் போய் உட்காருகிற வரை அந்த வீட்டுக் கணக்கில் நீங்கள் வராதவர்தான். அதனால் கிளம்புவதற்கு முன்பே ஊரில் ஒருவருக்குப் போன் போட்டு, இத்தனை வருடத்தில் யார் யார் போய்விட்டார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பங்காளி வீடு, மாமன் வீடு, பக்கத்துத் தோட்டம், பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர் என்று எல்லோரையும் கேளுங்கள். என் பட்டியலில் பதினொரு பெயர் வந்தது. எழுதும்போதே கை நடுங்கியது.

எந்தக் கிழமையில் போவது என்பது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டுப் பெரியவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு, பூ எதுவும் கொண்டு போகாதீர்கள். போனதும் நீங்கள் பேச ஆரம்பிக்க வேண்டாம். அவர்களே சொல்வார்கள்: எத்தனை மணிக்கு நெஞ்சு வலித்தது, யார் காரை எடுத்தது, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டார். நூறு பேரிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்வார்கள். முதல் தடவை கேட்பது போலக் கேளுங்கள். உங்களுக்கு அது முதல் தடவைதானே. வயதான பெண்கள் உங்களைப் பார்த்ததும் பழைய அழுகையைத் திரும்ப அழக்கூடும். சமாதானம் சொல்லி நிறுத்தாதீர்கள். எழுந்து வரும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. பேசாமல் எழுந்து வர வேண்டியதுதான்.

தவறவிட்ட கல்யாணங்கள்?

அது எளிது. உங்கள் அப்பாவின் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் அக்கா கல்யாணத்துக்கு யார் என்ன எழுதினார்கள் என்று அதில் இருக்கும். அவர்கள் வீட்டில் நீங்கள் இல்லாதபோது விசேஷம் நடந்திருந்தால், எழுதியதற்குக் குறையாமல் ஒரு தொகையை வெற்றிலை பாக்கோடு கொண்டுபோய்ப் பெரியவர் கையில் கொடுங்கள். பெரும்பாலும் "இதெல்லாம் எதுக்குங்க" என்பார்கள். கொடுத்துவிட்டு வாருங்கள்.

எந்த மாதத்தில் போனால் நல்லது?

நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, போக வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுகிறோம். தைப் பொங்கல் அதில் முதலிடம். காப்புக் கட்டுகிற அன்று ஆவாரம்பூ, வேப்பிலை, பூளைப்பூ சேர்த்துக் கூரையில் செருகுவதும், பட்டிப் பொங்கல் அன்று மாட்டுப் பட்டிக்குள் தெப்பம் என்ற சின்னக் குளம் கட்டி மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டுவதும், மறுநாள் பெண்கள் கும்மியடித்துப் பூப்பறிக்கப் போவதும் வேறு சீமையில் இப்படி இருக்காது. பிள்ளைகள் அதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

ஆனால் முதல் பயணத்துக்கு நோம்பி நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்றைக்கு ஊரே ஓட்டத்தில் இருக்கும். யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. துக்கம் விசாரிக்கவும் அந்த நாட்கள் தோதுப்படாது. பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள். வெயில் ஏறியிருக்காது, வேலையும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வாயைத் திறக்க விடாது. மழை என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான்.

மாரியம்மன் நோம்பிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பூச்சாட்டி, அதாவது நோம்பி தொடங்குவதை அறிவித்து, கோயில் முன் கம்பம் நட்ட பிறகு, நோம்பி முடிகிற வரை ஊரில் இருப்பவர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்று பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. திரும்பும் டிக்கெட் தேதியை அதற்குத் தகுந்தாற்போல் போட்டுக்கொள்ளுங்கள்.

என் ஊர் இப்போது எந்த மாவட்டம்?

கேட்க வேண்டிய கேள்விதான். என் அப்பா பிறந்தது கோயம்புத்தூர் மாவட்டம். நான் பிறந்தது பெரியார் மாவட்டம். வேலைக்குக் கிளம்பியது ஈரோடு மாவட்டம். இப்போது போய் இறங்குவது திருப்பூர் மாவட்டம். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது.

1979-ல் கோவையிலிருந்து பெரியார் மாவட்டம் பிரிந்தது. அதுவே பிறகு ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. கரூர் 1995-லும், நாமக்கல் 1997-லும், திருப்பூர் 2009-லும் தனி மாவட்டம் ஆயின. காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டிலிருந்தும், அவிநாசி, பல்லடம், உடுமலை எல்லாம் கோவையிலிருந்தும் திருப்பூருக்கு வந்தன. பிறப்புச் சான்று, பழைய பத்திரம், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் மூன்று மாவட்டப் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம். எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதை மட்டும் இன்றைய மாவட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

எப்படிப் போய்ச் சேருவது?

ஷார்ஜாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோவைக்கே நேர் விமானம் உண்டு. பீளமேட்டில் இறங்கி வெளியே வந்தால் உங்களுக்குத் திசை புரியாது. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு 2023-லிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. ஈரோட்டிலும் திருப்பூரிலும் நிற்கும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக்கு இன்னும் ரயில் கிடையாது; அங்கிருந்து பஸ்தான்.

கடைசி எட்டு கிலோமீட்டரை மட்டும் டவுன் பஸ்ஸில் போங்கள். காரில் போய் வீட்டு வாசலில் இறங்கினால் அந்த வீட்டுக்கு மட்டும்தான் வந்ததாக இருக்கும். பஸ்ஸில் போனால் ஊருக்கே வந்ததாக இருக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருகிற அக்காமார், பாட்டிமார் எல்லோரும் அதில் இருப்பார்கள். நாலு ஊர்ச் செய்தி சீட்டில் உட்கார்ந்தபடியே கிடைத்துவிடும்.

யாரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று மறந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

அப்பாவின் அப்பா அப்பாரு, அப்பாவின் அம்மா ஆத்தா. அம்மாவின் அப்பா அப்புச்சி, அம்மாவின் அம்மா அமுச்சி. சில வீடுகளில் அம்மாயி. இந்த நான்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். தாத்தா, பாட்டி என்றாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "அப்புச்சி" என்று ஒரு பேரப்பிள்ளை வாயில் கேட்டால் அந்த மனுசனுக்கு ஏற்படுகிற மகிழ்ச்சியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மற்றவர்களுக்கு முறை வைக்க ஒரு கணக்கு போதும். பங்காளி வகையா, மாமன் மச்சான் வகையா என்று பாருங்கள். பங்காளி என்றால் பெரியப்பன், சித்தப்பன், அண்ணன், தம்பி. மற்ற பக்கம் மாமன், அத்தை, மச்சான், நங்கை (அண்ணி முறை). தெரியாவிட்டால் கூசாமல், "நான் உங்களை என்ன முறை வைச்சுக் கூப்பிடோணுங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே நெருங்கிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு முறையைவிட முக்கியமாக "ங்க" சொல்லிக்கொடுங்கள். வாங்க, சரிங்க, இல்லைங்க, வேண்டாங்க. வயதில் சின்னவர்களைக்கூட நம் பக்கத்தில் "வாங்க கண்ணு" என்பவர்கள் உண்டு. உங்கள் மகளை "அம்மிணி" என்று கூப்பிட்டால், அது அவளுக்குப் புதுப் பெயர் வைத்ததல்ல, செல்லம்தான் என்று முன்பே சொல்லி வையுங்கள். என் மகள் முதல் நாள் முழுக்கத் தன் பெயரைத் திருத்திக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் அவளாகவே திரும்பிப் பார்த்தாள்.

எங்கே தங்குவது?

வசதியைப் பார்த்து டவுனில் லாட்ஜில் தங்காதீர்கள். முதல் இரண்டு ராத்திரியாவது ஊரில் படுங்கள். பேச்சு வருவது ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

ஒரே நாளில் நாலு வீட்டில் சாப்பிடச் சொல்கிறார்களே?

ஒறம்பரை (விருந்தாளி) வந்தால் வெறும் வயிற்றோடு அனுப்ப யாருக்கும் மனசு வராது. ஒரு வீட்டில் சந்தவை (இடியாப்பம் போன்றது), ஒரு வீட்டில் அரிசியும்பருப்பும், ஒரு வீட்டில் மோர் என்று முன்பே சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "மத்தியானம் அக்கா வீட்டுல சொல்லிட்டாங்க, உங்க வீட்டுல சாயங்காலம் ஒரு டம்ளர் காப்பி குடுங்க" என்றால் புரிந்துகொள்வார்கள். ஒன்றுமே வேண்டாம் என்பதுதான் தப்பு. சர்க்கரை இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இப்போது வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது. கொள்ளுப் பருப்பும் ராகிக் களியும் சந்தோஷமாகச் செய்து தருவார்கள்.

பனை ஏறுகிறவர் இன்னும் இருக்கிற ஊர் என்றால் காலையில் தெளுவு கிடைக்குமா என்று விசாரியுங்கள். டவுனில் பதநீர் என்று கேட்டு வாங்குவதற்கும் மரத்தடியில் நின்று குடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் எழுதிக் காட்ட முடியாது.

ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. இட்டேரிதான் என்னை முதலில் உடைத்தது. இரண்டு பக்கமும் வேலி அடர்ந்து நடுவே வண்டித்தடம் போகுமே, பள்ளிக்கூடம் போகும்போது கோவைப்பழம் பறித்துத் தின்ற வழி. அந்த வேலியை எடுத்துவிட்டுக் கம்பி போட்டு, தார் ரோடு ஆக்கியிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டேன். என் கூட வந்த சித்தப்பா மகன், "இந்த ரோடு இல்லாமத்தான் ஆத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கட்டில்ல தூக்கிட்டுப் போனோம்" என்றான். அதன் பிறகு நான் எந்த மாற்றத்தைப் பார்த்தாலும், ஏன் மாறியது என்று ஊரில் இருக்கிறவரைக் கேட்காமல் வருத்தப்படுவதில்லை.

கேட்டால் நிறையத் தெரியவரும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் போனால் தென்னை இலைகள் கறுத்துப் போய், மரங்கள் மொட்டையாக நிற்கும். 2016-லிருந்து வெள்ளை ஈ, அதோடு கேரளப் பக்கத்திலிருந்து வந்த வேர் வாடல் நோய். முப்பது வருடம் வளர்த்த மரத்தைத் தானே வெட்டிய ஆட்களிடம் போய், "தோப்பை ஏன் அழிச்சீங்க" என்று கேட்காதீர்கள்.

நொய்யலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. திருப்பூர்ச் சாயக் கழிவு ஆற்றில் இறங்கி, 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே நஞ்சுக் குட்டையாகிவிட்டது. கீழே உள்ள காடு தோட்டங்களில் தென்னை பட்டுப்போனது, கிணற்றுத் தண்ணீரை மாடு குடிக்க மறுத்தது. வழக்கு நடந்து 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறியவைதான் நடக்கலாம் என்று ஆனது. என் அப்பா அம்மா சாப்பிட்டது அந்தப் பனியன் தொழிலின் சம்பளம். நிலம் கெட்டது என் மாமன் வீட்டில். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் இதை எளிதாக ஒரு பக்கம் நின்று பேச எனக்கு வாய் வருவதில்லை.

நல்ல மாற்றமும் உண்டு. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் என்று நாம் சின்ன வயதிலிருந்து சுவரில் எழுதிப் பார்த்தோமே, அறுபது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அது 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவிட்டது. பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாக வருகிற தண்ணீரைப் பம்பு வைத்து ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். பிறந்ததிலிருந்து வேலிக்காத்தான் முளைத்துக் கிடந்த குட்டையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து ஒரு பெரியவர் கரையில் உட்கார்ந்தபடி எழுந்திருக்காமல் இருந்தார். அந்தப் பக்கத்து ஆளாக இருந்தால், உங்கள் ஊர்க் குளம் அதில் இருக்கிறதா என்று கேட்டு, கட்டாயம் கரைக்குப் போய் நின்று பாருங்கள்.

இன்னொன்று. தறிக்குடோனிலும் கோழிப்பண்ணையிலும் பனியன் கம்பெனியிலும் ஒடியாவும் இந்தியும் பேசுகிற பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். டீக்கடையில் இந்தி எழுத்து இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நாம் ஷார்ஜாவில் யார்? அவர்களும் தங்கள் ஊரில் சாவு விழுந்தால் போனில் அழுகிறவர்கள்தான். பெயர் என்ன, எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம்?

மிச்சமிருக்கிற கொறங்காட்டை, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காட்டை, காட்டுங்கள். கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், அதில் மேய்கிற காங்கேயம் மாடு. காங்கேயம் மாட்டின் உறுதியே அந்தப் புல்லில்தான் இருக்கிறது என்பார்கள். சென்னிமலைப் பக்கம் போனால் நொய்யல் கரையில் கொடுமணல். சங்கப் பாடல் கொடுமணம் என்று சொல்கிற ஊர். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு இரும்பு உருக்கி, கல்மணி அறுத்துப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்த இடம். பார்வைக்கு வெறும் மண்காடு போலத்தான் இருக்கும். நீங்கள்தான் கதை சொல்ல வேண்டும். வெள்ளோடு பறவைகள் சரணாலயம், பவானி கூடுதுறை, சிவன்மலையில் பக்தர் கனவில் உத்தரவான பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டி எல்லாம் ஒரே சுற்றில் முடியும்.

குலதெய்வம் கோயில் எங்கே என்றே சரியாகத் தெரியாது. போக வேண்டுமா?

நம்பிக்கை இருந்தால் போங்கள். வழி தெரியாவிட்டால் பங்காளிகளில் வயதான ஒருவரைக் காரில் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போங்கள். அவருக்கும் அங்கே போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். வெளிநாட்டிலிருந்து நீங்கள் வருவதால் நடக்கிற ஒரு நல்ல காரியம் இதுதான்: போக முடியாமல் கிடந்தவர்களும் கூடப் போய் வருவார்கள்.

என்னோடு படித்தவன் வீடு ஊருக்கு வெளியே தெருவில் இருக்கிறது. அங்கே போகாதே என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

போங்கள். எனக்குப் பத்தாம் வகுப்பு வரை பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் அருந்ததியர் தெருக்காரன். அவன் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவான், நான் அவன் வீட்டுக்குள் போனதே இல்லை. அப்போது அது எனக்குத் தவறாகவே தெரியவில்லை. அப்படிப்பட்ட தெருக்களைச் சொல்கிற "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025-ல் அரசு அறிவித்தது. சொல்லை அரசு எடுக்கலாம், அந்தத் தெருவுக்குள் போகாத காலை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவது தடவை ஊருக்குப் போனபோது அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா இறந்துபோன செய்தியே எனக்கு அங்கேதான் தெரிந்தது. என் பதினொரு பெயரில் அவர் பெயர் இல்லை. நான் கேட்ட ஆட்கள் யாரும் அந்தத் தெருவைக் கணக்கில் சேர்க்கவில்லை. உட்கார்ந்து துக்கம் விசாரித்தேன், அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தேன். எங்கள் வீட்டில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது. பட்டியல் எழுதும்போது எல்லாத் தெருவையும் கேட்டு எழுதுங்கள்.

நிலம், பட்டா வேலைகளையும் இந்தப் பயணத்திலேயே முடித்துவிடலாமா?

பார்த்து வைத்துக்கொள்ளலாம், முடிக்க நினைக்காதீர்கள். பட்டா, சிட்டாவை அரசின் இணையத்தில் கிளம்பும் முன்பே பார்த்துவிடலாம். வில்லங்கச் சான்றும் அப்படியே. பல வீடுகளில் பட்டா இன்னும் அப்பாரு பெயரில்தான் இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து விடுப்பில் பாதியைக் கரைத்துவிட்டுக் கைவீசித் திரும்பியவன் நான். நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுப்பது நல்லது. இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியரும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவரும் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். ஊரில் யாராவது "உன் பேர்லயே ரெண்டு ஏக்கரா முடிச்சுடலாம்" என்றால் இதை நினைவில் வையுங்கள்.

அப்புறம் ஒன்று, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா தங்கைகளை வரவழைத்து, "வந்தது வந்தாச்சு, ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்று, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை நீட்டாதீர்கள். பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. சீர் செய்தோம், நகை போட்டோம் என்பது அதற்குப் பதில் ஆகாது. வெகுநாள் கழித்துத் தம்பியைப் பார்க்க ஓடி வருகிற அக்கா, கையெழுத்துக்காகத்தான் கூப்பிட்டான் என்று நினைத்துக்கொண்டு திரும்பக் கூடாது.

சம்பளம் எவ்வளவு, எப்போது ஊரோடு வந்துவிடுவாய் என்று கேட்கிறார்களே?

சம்பளத்துக்கு, "குடும்பம் நடக்குதுங்க" போதும். இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர் யார் என்று பாருங்கள். அம்மாவும் பெரியம்மாவும் கேட்டால் அது விசாரணை இல்லை, ஆசை. பொய்யாகத் தேதி சொல்லாதீர்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

ஊருக்கு என்ன வாங்கிப் போவது?

பெரியவர்களுக்குக் கோடாலித் தைலமும் நல்ல டார்ச் லைட்டும். மற்றதெல்லாம் இப்போது காங்கேயத்திலேயே கிடைக்கிறது.

திரும்பும்போது என்ன கொண்டுவரலாம்?

கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மூட்டை கட்டும் முன் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அமீரகத்துக்குக் கொண்டுவராதீர்கள்; இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் உணவுப் பொருள் எல்லாவற்றையும் விமான நிலையத்தில் எழுதிக் காட்ட வேண்டும். முளைக்கக்கூடிய விதையைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். பச்சைக் கொள்ளு, எள், நிலக்கடலை கொடுத்தால் வறுத்தோ பொடித்தோ கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

பெரியம்மாவிடம் நான் சென்ற தடவை அப்படித்தான் சொன்னேன். மசாலாவில் கசகசா போட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கிளம்புகிற அன்று விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கசகசா இல்லாமல் தனியாக ஒரு படி வறுத்து இடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். "இருடா கண்ணு, சூடு ஆறட்டும், கட்டி வெச்சாப் பூசணம் பிடிச்சுக்கும்" என்றார். அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன்.